சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும்

மருந்து சோதிக்கிற வேலையில் பலித்தால் மருந்துக்குப் பெயர், பலிக்காவிட்டால் நமக்குப் பெயர். என்னைப் போலச் சோதனைக் குழாயோடு மாரடித்தவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆட்டம்மைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

கறிக்கடையில்

ஆட்டம்மைக் கிருமி தனியாக வளராது, உயிருள்ள செல் வேண்டும். கிடாக்குட்டியின் விதையிலிருந்து எடுத்த செல்லில் நன்றாக வளரும். அதனால் விடிந்ததும் பாட்டிலோடு கறிக்கடையில் நிற்பேன். கறி வேண்டாம், அது மட்டும் போதும் என்பேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதேயில்லை. மூன்றாவது வாரம் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்குக் கண்ணாலமாயி நாலு வருசமாச்சாமுங்க சார், இன்னும் கொழந்தையில்லையாமுங்க, இன்னிக்கு ரெண்டு சேத்திப் போட்டிருக்கறனுங்க."

பாட்டிலில் ஜெயம்

ஒரு மருந்து பாட்டிலுக்குள் கிருமியை அடக்கிவிட்டது. நான் தலைகால் புரியாமல் அதிகாரியிடம் ஓடினேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "பாட்டிலுக்குக் காய்ச்சல் வராதப்பா, ஆட்டுக்குக் குடுத்துப் பாரு."

பட்டியில்

ஆட்டையாம்பட்டிப் பக்கம் நல்லம்மாள் என்பவரின் பட்டியில் அம்மை கண்டிருந்தது. இருபது செம்மறிகள், அவருக்கு இருந்ததே அவ்வளவுதான். படலில் வேப்பிலை கட்டியிருந்தார். ஆத்தா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கலாமா என்று மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டார். இரண்டு பொட்டலத்தில் வெள்ளைப் பூ உள்ளது வந்தால் சம்மதம். வெள்ளையே வந்தது.

பத்து ஆட்டுக்கு மருந்து, பத்துக்கு வெறும் தண்ணீர், அப்போதுதான் மருந்தின் குணம் தெரியும் என்றேன். மருந்துக்குச் சிவப்புப் பொட்டு, தண்ணீருக்கு நீலம். எந்த ஆட்டுக்கு எது என்று சீட்டுக் குலுக்கினேன். அவர் குனிந்து கவனித்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களும் பூத்தானுங்க கேக்கறீங்க?"

பத்தாம் நாள்

அவர் பெயர் வைத்துக் கூப்பிடும் ஒரே ஆடு செவலை. அது நீலத்தில் விழுந்தது. எனக்கே மனசு கேட்கவில்லை, ஆனால் சீட்டை மாற்ற முடியாது. தினமும் பஸ் பிடித்துப் போக முடியாததால் மருந்துப் பாட்டில், தண்ணீர்ப் பாட்டில் இரண்டையும் அவரிடமே கொடுத்து, வேளாவேளைக்கு ஊற்றச் சொன்னேன்.

பத்தாம் நாள் போனால் செவலை சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. சிவப்பு, நீலம் இரண்டிலும் கொப்புளம் காய்ந்திருந்தது. அப்படியானால் என் மருந்து தண்ணீருக்குச் சமம். ஆடு பிழைத்ததற்கு வருத்தப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் படலோரம் பார்த்தேன். இரண்டு பாட்டிலும் ஒரே குண்டாவுக்குள் காலியாகக் கிடந்தன. நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். "ஒரே பந்தியில பாதிப்பேத்துக்குச் சோறு, பாதிப்பேத்துக்குத் தண்ணியாங்க சார்? ரெண்டையும் கலக்கி அல்லாத்துக்கும் சமமா ஊத்திப்போட்டனுங்க."

பிழைக்க வைத்தது அரை அளவு மருந்தா, வேப்பிலையா, ஆத்தாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்தப் பட்டியில் உயிரை விட்டது என் அறிக்கை மட்டும்தான்.