போலீஸக்கா ஒளித்து வைத்த குப்பிகள்

என் அம்மா மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் டெக்னீஷியன். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் செல் வளர்க்கும் அறை அவர் பொறுப்பு. யாரையும் நம்பமாட்டார். ஸ்பிரிட்டில் கை துடைத்தார்களா என்று விரல்களை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். மாணவர்கள் வைத்த பெயர் போலீஸக்கா.

"என் செல் என்னக்கா, திருடனா?"

"இன்னும் ரேகை எடுக்கல. எடுத்துட்டுச் சொல்றேன்."

நானும் அங்கேயே ஆய்வுக்குச் சேர்ந்தேன். சலுகை எதுவும் இல்லை. நாலு வருடமும் கல்லீரல் செல்கள். மூன்றாம் வருடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொன்னார்: "இதுங்க ரொம்ப வேகமா வளருதுடி. முழியே சரியில்ல. டெஸ்ட்டுக்கு அனுப்பு."

"உனக்கு யார் மேலதாம்மா சந்தேகம் இல்ல?"

அனுப்பவில்லை.

போன மாதம் மூளையில் ரத்தக்கசிவு. ஒன்பது மணி நேரத்தில் அம்மா போய்விட்டார்.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது, செல்களை உறைய வைக்கும் நைட்ரஜன் தொட்டியில் அவருடைய அடுக்கைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு மாணவரின் முதல் வாரச் செல்லிலும் ஒரு குப்பியை யாருக்கும் சொல்லாமல் உறைய வைத்திருந்தார். ஒன்றில் 'மகள்' என்றிருந்தது. பக்கத்தில் மூன்றாம் வருடத்தில் எடுத்தது, 'மகள்?'

இரண்டையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். முதலாவது கல்லீரல் செல். இரண்டாவது மார்புப் புற்றுச் செல்; அடுத்த மேசை ஜூனியர் வளர்ப்பது.

அவளைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்காமலே அவள் நோட்டைப் புரட்டினேன். ஒரு தப்பும் இல்லை. பிறகு என்னுடையதை எடுத்தேன். இரண்டாம் வருடம் அவள் லீவில் இருந்த வாரம், அவள் குடுவைகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். என் கையெழுத்து: 'இரண்டுக்கும் ஒரே மீடியம் பாட்டில்.' மீடியம் என்பது செல்லுக்கு ஊட்டும் திரவம்; ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில் என்பது அம்மாவின் முதல் சட்டம். சொட்டு கலந்தால் போதும், வேகமாக வளர்வது மற்றதை மூழ்கடித்துவிடும். அதற்குப் பிறகு நான் ஆராய்ந்தது கல்லீரலையே அல்ல.

சோதனை அறிக்கையைப் பார்த்ததும் என் கைடு கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆய்வுக் குழுவுக்குக் காலையிலேயே அனுப்பிட்டேன் சார்."

"என்கிட்ட கேக்காமயா? என்னை நம்பலையாம்மா?"

"என்னையே நம்பல சார்."

மறுநாள், முதலிலிருந்து தொடங்க, 'மகள்' என்ற குப்பியோடு வளர்ப்பு அறைக்குப் போனேன். ஜூனியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டைப் புரட்டியது உட்பட. "கையைக் காட்டுங்கக்கா" என்றாள்.

முகர்ந்து பார்த்தாள். திரும்பிப் போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன்.