அக்கா வரையாமல் விட்ட வரிசைகள்

ஈர மணலில் வெறுங்காலை வைத்தால் மிளகளவு உருண்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கும். அந்தக் கூச்சம் அறுபத்தொரு வருடங்கள் கழித்தும் என் உள்ளங்காலில் இருக்கிறது. எங்கள் ஊரான காப்பார் பக்கத்துக் கடலோரத்தில் தண்ணீர் வற்றியதும் மொச்சைக்கொட்டை அளவு நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து, மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கும் உணவை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டி வைத்துவிட்டுப் போகும். "உருண்டை நண்டு" என்போம். வளையிலிருந்து நாலாபுறமும் வரிசை வரிசையாக அந்த உருண்டைகள் விரிந்திருக்கும். அடுத்து கடல்நீர் ஏறும்போது எல்லாம் அழிந்துவிடும்.

அழிவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்பது என் அக்கா ரோஸியின் பிடிவாதம். அவளுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. ஏதாவது ஓர் உயிரைப் பார்த்து வாராவாரம் வரையும்படி சயின்ஸ் டீச்சர் வகுப்புக்குச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வாழை மரத்தோடு முடித்துக்கொண்டார்கள். அக்காவுக்குத் தானும் சயின்ஸ் டீச்சராக வேண்டும். நான் கூடவே போய் உருண்டைகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்பதால், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுபவரை அழைக்கும் பெயரை எனக்கு வைத்து, "வாடா என் கிராணி" என்று கேலி செய்வாள்.

அந்த வருடம்தான், ஜெபம் சொல்லும்போது மெழுகுவர்த்தியைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிகிறது என்று அக்கா சொன்னாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "அது அருள்டி. மாதா தலையைச் சுத்தி இருக்குதே, அதுதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நான்கு பேரிடம் பெருமையாகவும் சொன்னார். அக்காவுக்கு அடிக்கடி தலைவலி வந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு படங்கள் சிறுத்தன. நடுவில் வளையும் அதை ஒட்டிய உருண்டைகளும் இருக்கும். ஓரத்து வரிசைகள் இருக்காது. அரைகுறை வேலை, சோம்பல் என்று டீச்சர் நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டித் திட்டினாராம். அன்று மாலை அக்கா என்னை மணலில் உட்காரவைத்து, ஓரத்தில் இன்னும் வரிசை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஆறு என்றேன். நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதடா. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா ஸ்கூல நிப்பாட்டிருவாங்க."

நான் சொல்லவில்லை. அது மட்டுமா செய்தேன்? வலப்பக்கம் ஆறு வரிசை, வரிசைக்குப் பதினான்கு. இடப்பக்கம் ஐந்து, வரிசைக்குப் பதினொன்று என்று எண்ணி எண்ணிச் சொன்னேன். அவள் அப்படியே போட்டாள். படங்கள் மறுபடி முழுசாயின. டீச்சர் பாராட்டினார். இரண்டு வருடங்கள், தொண்ணூற்றிரண்டு படங்கள்.

பதினாறு வயதில், பட்டப்பகலில், பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்காமல் அக்கா ரோட்டில் இறங்கினாள். கால் எலும்பு முறிந்து கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கண்ணைச் சோதித்தார்கள். அவள் தலைமாட்டில் இருந்த நோட்டுகளைக் கண் டாக்டர் புரட்டினார். முழுப் படம், அதைவிடச் சிறிய படம், அதனினும் சிறிய படம், பிறகு திடீரென்று முழுப் படம். இதிலிருந்து யார் வரைந்தது என்று கேட்டார். அவள்தான், நான் எண்ணிச் சொன்னேன் என்றேன். அவர் சிறுத்த படங்களுக்குப் போய், அவள் கண்ணுக்கு எட்டும் பரப்பைக் குறித்திருந்த தம் சோதனைத் தாளைப் பக்கத்தில் வைத்தார். தாளிலும் அதே வட்டம், இன்னும் சுருங்கியிருந்தது. அப்பாவிடம்தான் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம். ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா, இருந்த பார்வையையாவது காப்பாத்திருக்கலாம்."

இருபது வயதுக்குள் மிச்சமும் போயிற்று. அக்கா டீச்சராகவில்லை, முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுத்தாள். நோட்டுகளைக் கிள்ளான் வெள்ளம் கொண்டுபோனது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் மனைவியை இழந்தவன், அவள் மணமாகாதவள். போன மாதம் மகன் என்னைக் காப்பாருக்குக் காரில் கூட்டிப்போனான். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் கல் அணை இருக்கிறது. தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து, முந்நூற்றுப் பத்து அடி நடந்து தேடினேன். ஒரு வளைகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நண்டு இருந்ததா என்று அக்கா கேட்டாள். இருந்தது என்றேன். பதினேழு வரிசை, வரிசைக்கு இருபத்திரண்டு என்றும் சேர்த்தேன்.

"கணக்கு யாருடா கேட்டா? பார்க்க எப்படி இருந்துச்சு, அதச் சொல்லு. எனக்கு மறந்துபோச்சு."

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். ஆறு, பதினான்கு, ஐந்து, பதினொன்று என்று எண்கள்தான் வந்தன.