சாலவாக்கத்தில் பல்கேரிய ஓபரெட்டா

எண்பத்து மூணு மே மாதம் நான் சாலவாக்கம் போனது ஊர் சுற்ற அல்ல, பிழைப்புக்காக. சென்னையில் ஒரு பல்கேரிய நட்புறவுச் சங்கத்தில் வேலை. பல்கேரிய ஓபரெட்டாவுக்கு ஆண்டு விழாவாம். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு விளக்கு என்றார் செயலாளர். ஓபரெட்டா என்பது பாட்டும் வசனமும் கேலியும் கலந்த மேடை நாடகம். மழையில்லாமல் காய்ந்து கிடக்கிற ஊரில் அதை யார் கேட்டார்கள்? சம்பளக்காரன் வாயைத் திறக்க முடியுமா!

காலை 6.10க்குப் பாரிமுனையில் பஸ், காஞ்சிபுரத்தில் 8.50. அங்கிருந்து உத்திரமேரூர் 29 கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது பைசா. மாகறல் பக்கம் செய்யாறு வெறும் மணல். உத்திரமேரூரில் நாஷ்டா முடித்து டவுன் பஸ் பிடித்தேன். கண்டக்டர் என் பெட்டியைத் தட்டினார்.

"இன்னா சார் இது?"

"படம் காட்டுற மிஷின். பல்கேரியா படம்."

"அது எந்தக் கட்சி சார்?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சிரித்தது அதோடு சரி.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படம் போட்டோம். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. முன்வரிசை முழுக்கப் பெண்கள். ஏற்பாடு செய்த வாத்தியாரிடம் ஆச்சரியமாகக் கேட்டேன்.

"வெளிநாட்டு ஆபீஸ்காரங்க வராங்கன்னு சொல்லிட்டேன் சார். இதுங்க புருஷனுங்க எல்லாம் துபாய், மஸ்கட்ல கீறானுங்க. இல்லன்னா யார் வருவா?"

இவர்களை ஏமாற்றித்தான் கூட்டி வந்திருக்கிறார். ஆனாலும் பேசினேன். சுற்றித் திரிந்த குழுக்கள், ஊர்ப் படிப்பகங்களில் பாடி நடித்த சாதாரண ஜனங்கள், இவர்களிடமிருந்து அந்தக் கலை கிளம்பிய கதை. யாரும் அசையவில்லை.

முடிந்ததும் தனலட்சுமி என்ற பெண் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்தாள். கணவன் ஏழுமலை, கொத்தனார். துபாய் போய்ப் பதினாலு மாதம், கடிதமே இல்லை.

"உங்க ஆபீஸ்ல பெரிய ஆளுங்க கீறாங்களாமே. அவங்க எழுதனா பதில் வரும்ல சார்?" என்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை நீட்டினாள். "மிச்சத்த ஏஜெண்டு வாங்கிக்கினான். இது ஒண்ணுதான் கீது."

துபாய்க்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். 4.40 பஸ்ஸை விடக்கூடாது என்ற அவசரம். "பாக்கறேன்மா" என்று போட்டோவைப் படப் பெட்டியில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

செயலாளர் கையை விரித்தார். நானும் விட்டுவிட்டேன். ஜூனிலிருந்து மாதம் ஒரு கார்டு வந்தது, தனலட்சுமி சொல்லச் சொல்ல வாத்தியார் கையெழுத்தில், "ஓபரெட்டா சார் அவர்களுக்கு" என்று. ஆபீஸில் என்னைக் கிண்டலடித்தார்கள். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை, பாவி.

நவம்பர் கார்டில் இருந்த சேதி: ஏழுமலை சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கூட வேலை செய்தவர் இப்போதுதான் ஊர் திரும்பிச் சொன்னார். அங்கேயே புதைத்துவிட்டார்களாம். மாலை போட வேண்டும், போட்டோவை அனுப்பவும்.

பெட்டியைத் தேடினேன். இரவல் வந்த படங்களோடு அதை ஜூலையிலேயே பல்கேரியாவுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று என்றார்கள். இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. டிசம்பரில் வெறுங்கையோடு சாலவாக்கம் போனேன். அவள் வீட்டுச் சுவரில் ஆணியில் ஒரு சட்டை, அதற்கு மாலை.

"கொண்டாந்தியா சார்?"

"தொலைச்சிட்டேன்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குழந்தையைக் காட்டி, "இவளுக்கு அப்பன் மூஞ்சிய எதக் காட்டி சார் சொல்றது?" என்றாள்.

போகிறவர்களுக்கு: உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் சுமார் 15 கிலோமீட்டர். அப்போது பஸ் குறைவு, இப்போதைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் எடுத்துப் போங்கள். யாராவது உங்களை நம்பி எதையாவது நீட்டினால், செய்ய முடியாதென்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடுங்கள். பஸ் போனால் போகட்டும்.