பாஸான மூடி

பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு அந்தப் பம்பு மூடி தென்காசிக்குத் திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம். புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால்கூட அம்மா அவ்வளவு நெய் விடமாட்டாள். தட்டு மாதிரி இருக்கிற ஓர் இரும்புத் துண்டுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தம்ளர் கிடைத்ததால் நான் கேட்கவும் இல்லை.

அப்பா அதுவரை வெண்கல உருளி வார்த்துக்கொண்டிருந்தவர். வயற்காட்டுக் கிணறுகளுக்கெல்லாம் கரண்டு பம்பு வரத் தொடங்கிய காலம் அது. பம்பு செய்யும் மதுரைக் கம்பெனி ஒன்று, மூடியை மட்டும் வெளியே வார்த்து வாங்க ஆள் தேடியது. முதலில் ஒன்றே ஒன்று வார்த்துக் கொடு, மாட்டிப் பார்க்கிறோம், சரியாக இருந்தால் மொத்த வேலையும் உனக்குத்தான் என்று பேச்சு. அதை நம்பி, ராயகிரியில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த வயலை விற்று, பட்டறையில் இரும்பு உருக்கும் உலை கட்டினார் அப்பா. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அம்மாதான். மூடி தேறாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

கம்பெனி கொடுத்த மர அச்சை மண்ணில் அமுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றினார்கள். சில மூடிகள் வீணாய்ப் போன பிறகு ஒன்று நன்றாக வந்தது. அதைத்தான் கம்பெனியில் பம்பில் மாட்டிப் பார்த்து, பாஸ் என்று பொட்டு வைத்து, இது போலவே அத்தனையும் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மொத்த வேலை தொடங்கவும் குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. ஊரே எண்ணெயும் துண்டுமாக ஐந்தருவிக்கு ஓடியது. எங்கள் பட்டறையிலோ, மர அச்சு ஈரத்தைக் குடித்து ஊதி, ஒட்டு விட்டு வாயைப் பிளந்தது. புது அச்சு கேட்டால் வர நாளாகும். கெடுவோ நெருங்கிவிட்டது.

அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாதான் வழி சொன்னார். "எண்ணே, பாஸான மூடி இங்கன கெடக்கையில அச்சு என்னத்துக்கு? இதையே மண்ணுல அமுக்குவோம். இது போல வேணும்னு அவன்தான சொல்லுதான்?"

சாமி படத்துக்கு அடியில் இருந்த மூடியை எடுக்கப் போனபோது அம்மா தடுத்துப் பார்த்தாள். "பொட்டு வச்சதக் கொண்டு மண்ணுலயா பொதைக்கப் போறிய?"

"உருளிக்கு மட்டும் என்ன செய்யுதோம்? பழசை அமுக்கித்தான புதுசு ஊத்துதோம்?" என்றார் அப்பா.

அதுதான் எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கு உருளி வேண்டுமென்று வருகிறவர்கள் வீட்டு உருளியை மாதிரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதை மண்ணில் அமுக்கியே இன்னொன்று வார்ப்போம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். புதியது ஒரு நெல்மணி அளவு சிறுத்துத்தான் வரும். சிறுத்தால் என்ன, ஆக்குகிற சோறா குறைந்துவிடும்? ஒருத்தரும் அளந்து பார்த்ததில்லை. அந்தச் சுருக்கத்துக்காகவே கம்பெனிக்காரர்கள் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்திருந்தார்கள் என்பது என் வீட்டு ஆண்களின் மண்டையில் ஏறவில்லை. மூடியிலிருந்து வார்த்த மூடிகள் அத்தனையும் ஒரு நெல்மணி சிறுத்தே பிறந்தன.

லாரியில் போனவை லாரியிலேயே திரும்பி வந்தன. கூட வந்த கம்பெனி ஆள் நல்ல மனுஷன்தான். வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுகூடப் பம்பு மேல உட்காரல அண்ணாச்சி. வேலைய வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க." ஏன் உட்காரவில்லை என்பதையும் பொறுமையாக விளக்கினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் உலை மூட்டவில்லை. சித்தப்பா வரவில்லை. வாசல் முழுக்கக் கொட்டிக் கிடந்த மூடிகள் சாரலில் நனைந்து துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அப்பா பட்டறைக்குள் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்லா? இந்த ரெண்டையும் பாரு. ஒண்ணு போலத்தான இருக்கு?"

பொட்டு வைத்தது ஒரு கையில், வைக்காதது மறு கையில். அப்பா என்னிடம் ஒரு விஷயம் கேட்டதே அதுதான் முதல் தடவை. குனிந்து, சுற்றி வந்து, தொட்டுக்கூடப் பார்த்தேன்.

"ஆமாப்பா. ஒண்ணு போலத்தான் இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுட்டி."

"பாத்துட்டம்ப்பா. ஒரு வித்தியாசமும் இல்ல."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்றார். இரண்டையும் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஒரே ஓட்டம். "எம்மா, மூடியெல்லாம் சரியாத்தான் இருக்கு! நான் பாத்து அப்பாட்ட சொல்லிட்டேன்!"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அறைந்த கையாலேயே என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, "எங்க அய்யா குடுத்த வயலு போச்சே" என்று அம்மா பெருங்குரலில் அழுதாள்.

ஒன்று போல இருப்பதை ஒன்று போல இருக்கிறது என்று சொன்னதற்கு எதற்காக அடி? அப்பா வந்து, பிள்ளை சரியாகத்தான் சொன்னாள் என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்வார் என, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவே இல்லை.