துருக்கியர் கட்டுரையும் வில்லாபுரத்துத் தர்ம அடியும்

அந்த வருடம் முழுக்க நான் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஜெர்மனியில் வாழும் துருக்கியர் பற்றிய தமிழ்க் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. வில்லாபுரத்தில் மாடி வீட்டில் பிள்ளைகளுக்கு இந்தி டியூசன் எடுப்பதுதான் என் தொழில். கணவர் வண்டி உதிரிபாகக் கடைக்குக் கிளம்பிய பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் நான் கைவைத்தது துருக்கியரிடம் அல்ல. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை. குஜராத் பக்கமிருந்து வந்த எங்கள் ஜனங்களைப் பற்றிய கட்டுரையில் ஆதாரமே இல்லாத சில வரிகள் இருந்தன. என் பெயரிலேயே அவற்றை எடுத்தேன். அடுத்த முகூர்த்தத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகன் இலையை விட்டு எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். நம்ம ஆளே நம்ம பெருமையை அழிக்கலாமா என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கையில் சாம்பார் வாளி இருந்திருந்தால் என் தலையில் கவிழ்த்திருப்பார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மதுரையில் யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத ஒரு ஜனத்தைப் பற்றி எழுதினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. துருக்கியர் அப்படித்தான் எனக்குக் கிடைத்தார்கள்.

கொஞ்ச நாளில் அவர்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. இரண்டொரு வருஷம் ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று பெட்டியோடு ரயிலேறியவர்கள். அவர்களுக்கு அந்த நாடு வைத்த பெயரே விருந்தாளித் தொழிலாளர். பிறகு மனைவி வந்தாள், பிள்ளை பிறந்தது, பேரனும் பிறந்தான். பேரனிடமும் எந்த ஊர் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மதுரை என்று சொன்னால், "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்பார்கள்.

தொல்லை தொடங்கியது தாக்குதல்கள் பற்றிய பகுதியில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துருக்கியர் குடியிருந்த வீடுகளுக்கு அங்கே தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் எரிந்து செத்தார்கள். "இனவெறியர்கள் தீ வைத்தனர்" என்று எழுதி, ஆதாரங்களையும் சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் வாக்கியம் மாறியிருந்தது. "தீ விபத்துகள் ஏற்பட்டன, சிலர் இறந்தனர்." ஒரு புதுப் பயனர் மாற்றியிருந்தார். நான் பழையபடி ஆக்கினேன். அவர் திரும்ப மாற்றினார். இப்படியே ஓயாமல் நடந்தது. திருத்துகிறவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்பு பற்றிய செய்திகளை எடுத்துப் போட்டேன்.  அதற்குக் கீழே அவர் வேறு ஒன்று எழுதினார்.

"மதுரைக்காரி என்று உன் பக்கத்தில் போட்டிருக்கிறாயே, எந்தத் தெரு? உன்னை உள்ளே வைத்துப் பூட்டிக் கொளுத்தினால் அது விபத்தா கொலையா என்று எழுத நீ இருக்கமாட்டாய்."

அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். நிர்வாகி ஒருவர் அன்றைக்கே அந்த ஆளைத் தடைசெய்துவிட்டார். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க சிலிண்டர் வால்வை மூடினேனா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டார் கணவர்.

"யாரோ துருக்கிக்காரன் செத்ததுக்கு நீ ஏன் வெந்து சாகணும்?" என்று எங்கள் பாஷையில் கேட்டார்.  நான் அந்தக் கட்டுரைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பயம் மட்டும் காரணமில்லை. அந்த ஆள் எதிரே வந்தால் அம்மிக்குழவியால் அடிப்பேன் என்று தோன்றியது. அப்படி ஒரு எண்ணம் எனக்குள் இருப்பது எனக்கே புதிது.

அந்த நாட்களில்தான் பெயிண்டர் வந்தார். பக்கத்து மனையில் புது வீடு கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த நாலைந்து பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். மாடியில் பிள்ளைகள் கோரஸாக இந்தி வாசிப்பார்கள். உச்சரிப்பெல்லாம் மதுரை உச்சரிப்புதான். அவர் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இங்கே வந்த பிறகு தன் பாஷையை ஒரு குழந்தை பேசிக் கேட்பது இந்த வாசலில்தான் என்றார். ஊரில் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாளாம்.

அவர் அப்படி நிற்பதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் எங்கள் கேட்டும் மாடிப்படியில் ஏறும் பிள்ளைகளும் அவரும் தெரிந்தார்கள். நான் பாதி தெரிந்தேன். "வில்லாபுரத்தில் பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல். உஷார்" என்று வாட்ஸ்அப்பில் தெருவுக்குத் தெரு போயிருக்கிறது. எனக்கு மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. முதலில் மாட்டைத் துரத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் போனேன். கேட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். நடுவில் தரையில் கிடந்த உடம்பில் வெள்ளைச் சுண்ணாம்பும் ரத்தமும் கலந்து ரோஸ் நிறமாக இருந்தது. ஒருவன் ஹெல்மெட்டால் முதுகில் அடித்தான். இன்னொருவன் கிரிக்கெட் ஸ்டம்ப்பை வைத்து முழங்காலில் குத்தினான். இரும்புப் பைப் வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். என் டியூசனில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. தினமும் வந்து மகளைக் கூட்டிப்போவார், வணக்கம் டீச்சர் என்பார்.

பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லிக் கதவை வெளியே பூட்டிவிட்டு இறங்கினேன்.

பெயிண்டர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "பேட்டீ, பேட்டீ. மேரீ பீ பேட்டீ ஹை."

"கேட்டியாடா? பெட்டிங்குறான்! பிள்ளைகளைப் பெட்டியில போட்டுத்தான் கொண்டு போறாய்ங்க!" என்று ஒருவன் கத்தினான். அதைக் கேட்டதும் அடி இன்னும் பலமாக விழுந்தது.

"பெட்டி இல்லப்பா, பேட்டீன்னா மக!" என்று நானும் கத்தினேன். "எனக்கும் ஒரு மக இருக்குன்னு சொல்றாரு. பெயிண்டருப்பா. பக்கத்து வீட்டுல வேலை பாக்குறாரு."

தெருமுனை டீக்கடைக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், நீங்க விலகுங்க. ஆத்திரத்துல இருக்காய்ங்க. உங்க மேலயும் விழுந்துரும்."

நான் விலகவில்லை. பைப் வைத்திருந்தவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, உங்க மக மாடியில பத்திரமா இருக்கு. ஏறி வந்து பாருங்க. இவரை விடுங்க."

அவர் கண் என் மேல் வந்தது. தினமும் பார்க்கிற கண் இல்லை அது. "உங்க வாசல்ல வந்து நிக்குறான்னா நீங்கதான் சேத்துவச்சிருக்கீங்க. எம்புட்டு நாளா நடக்குது இது? உங்காளுகளும் வடக்க இருந்து வந்த கூட்டந்தானே?"

எத்தனையோ தலைமுறை கழித்து, என் வாசலில் வைத்தே கேட்டார்.  குனிந்து பெயிண்டரின் தலைக்குமேல் கையை நீட்டினேன். பைப் இறங்கியது. முன்கையில் பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே அவர் மறுபடி ஓங்கிவிட்டார். என் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. தோல் பிய்ந்து வாயில் உப்பும் இரும்பும் கலந்த ருசி வரும்வரை கடித்தேன். அவர் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார். நான் விடவில்லை. பைப் கீழே விழுந்த பிறகுதான் விட்டேன்.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து "அப்பா! அப்பா!" என்று அவர் மகள் அலறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். ஆனால் மற்றவர்கள் நிறுத்தவில்லை. அந்த இடைவெளியில் வேறு ஒருவன் ஷூக்காலால் பெயிண்டரின் காதோடு சேர்த்து உதைத்தான். தலை கேட்டுக் கம்பியில் மோதித் திரும்பியது. அதன்பிறகு பெயிண்டரின் குரல் நின்றுவிட்டது. போலீஸ் வண்டி சைரன் கேட்டதும் எல்லோரும் சந்து சந்தாக ஓடினார்கள். ஒற்றைச் செருப்புகள் மட்டும் தெருவில் கிடந்தன.

பெரியாஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். பெயிண்டருக்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன, வலது காதின் ஜவ்வு கிழிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் ஓரமாக வந்திருந்தது. சந்தேகத்துக்கிடமாகச் சுற்றிய வடமாநில வாலிபருக்குப் பொதுமக்கள் தர்ம அடி; போலீசில் ஒப்படைத்தனர். தர்ம அடி என்ற சொல்லை அதற்கு முன்பு எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பிக்பாக்கெட்காரனுக்குத் தர்ம அடி, செயின் திருடனுக்குத் தர்ம அடி. ஒருதரம்கூட உறுத்தியதில்லை. நடந்ததைக் கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நினைத்தேன். கண்ணால் பார்த்தேன் என்பது அங்கே ஆதாரமாகாது. அச்சில் வந்ததுதான் ஆதாரம். அச்சில் வந்திருப்பது தர்ம அடி.

வாக்குமூலம் கொடுக்கக் கணவர்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். எழுதுகிற ஏட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "அடையாளம் தெரியாத நபர்கள்னு போட்டுறலாமாம்மா? நீங்களும் அதே தெருவுல குடியிருக்கணும்ல."

"எனக்கு அடையாளம் தெரியும் சார்" என்றேன்.

"ஒரு ஆள் சொன்னா கேஸ் நிக்காதும்மா."

பக்கத்தில் இருந்த கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எழுதுங்க சார். பைப் வச்சிருந்தவரு, ஹெல்மெட்ல அடிச்சவரு, ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். எங்க கடையிலதான் வண்டிக்குச் சாமான் வாங்குவாக. நானும் பாத்தேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கடையில் இருந்தேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"போட்டோ என் போனுக்கும் வந்துச்சு. உடனே வண்டியை எடுத்துட்டு வந்தேன். தெருமுனையில நின்னேன் சார். இவ கையில அடி விழுறதையும் பாத்தேன். கால் நகரல." இதைச் சொல்லும்போது அவர் ஏட்டை மட்டுமே பார்த்தார்.

 அதற்குப் பிறகு பல நாள் நான் அவரிடம் பேசவில்லை. அவர் சமைத்தார், சோற்றைப் பிசைந்து ஊட்டினார், பின்னத் தெரியாவிட்டாலும் எனக்குத் தலை பின்னிவிட்டார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் என்றுகூட ஒரு தடவை தோன்றியது. ஒருநாள் அவர் ரசத்தில் உப்புப் போட மறந்தார். உப்பு இல்லை என்றேன். அப்படித்தான் மறுபடி பேசத் தொடங்கினோம்.

வழக்குப் பதிந்தார்கள், இரண்டு பேரைப் பிடித்து ஜாமீனில் விட்டார்கள். அந்த வாரம் மாடி ஜன்னலுக்குக் கல் வந்தது. கண்ணாடி தட்டச்சுப் பலகை மேல் கொட்டிக் கிடந்தது. டியூசனுக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். சில அம்மாக்கள் வந்து, பரீட்சை முடிஞ்சதும் அனுப்புறோம் டீச்சர் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பல்கேரியாவில் வாழும் துருக்கியர் பற்றிய கட்டுரையை ஆரம்பித்தேன். அங்கே அவர்கள் பெயரையே அரசாங்கம் வலுக்கட்டாயமாக மாற்றியிருக்கிறது. "பெயர்கள் மாற்றப்பட்டன" என்று தட்டிவிட்டு அழித்தேன். அரசு மாற்றியது என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் இருந்தது.

பைப்காரரை ஒருநாள் தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது பார்த்தேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "பல்லுத்தடம் போகவே மாட்டேங்குது டீச்சர்" என்றார். சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கோர்ட்டுலயும் அதைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு என் குடத்தைக் குழாய்க்கு நகர்த்தினேன். 

பெயிண்டர் உடம்பு தேறி ஊருக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் ஒரு நாள் அவருடைய அம்மா போன் செய்தார். அந்த அம்மா பேசியது நான் பாடம் நடத்துகிற இந்தி இல்லை. பாதிதான் புரிந்தது. நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அடித்தார்கள் என்று கேட்டார். யாருமே சரியாகச் சொல்லவில்லையாம், மகனும் சொல்லவில்லையாம்.

ஏதோ தப்பாக நினைத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "உங்கள் மகன் வெளியூர்க்காரர் என்பதால் அடித்தார்கள்" என்றேன். "அடித்தவர்கள் என் தெருக்காரர்கள். பெயர் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறேன்."

 அந்தப் பக்கம் போன் கை மாறியது. பெயிண்டர்தான். "ஹலோ? ஹலோ?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் காதில் இல்லை, இந்தப் பக்கம் வை என்று அம்மா அதட்டுவது எனக்குக் கேட்டது.

"டீச்சர்ஜி," என்றார் காதை மாற்றிக்கொண்டு. "கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே என்ன பாஷை பேசுவார்கள்?"

மலையாளம் என்றேன். தண்ணீருக்கும் மகளுக்கும் அந்தப் பாஷையில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.