ஒன்பது இருபதுக்கு விற்றவர்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி, அதே ரப்பர் பட்டை, அதே பஞ்சு. எல்லோருக்கும் அவர் "ஊசி சார்". குழந்தை வாயைத் திறந்து அழ ஆரம்பிப்பதற்குள் எடுத்து முடித்திருப்பார். நரம்பே தட்டுப்படாத கிழவர்களுக்கும் ஒரே குத்துதான். "சார் இருக்காரா? அவர் இருந்தாத்தான் குத்திக்குவேன்" என்று முகப்பு மேசையில் கேட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு விஷயத்தில் கைராசிக்காரர் என்று பெயர் வந்துவிட்டால் மற்ற விஷயங்களிலும் அவருக்குத் தெரியும் என்று சனங்கள் நம்பிவிடுவார்கள். சனங்கள் நம்புவதைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடலடியில் துளை போட்டு எண்ணெய் எடுக்கிற ஒரு கம்பெனியின் பங்குகளை நூற்றெண்பதுக்கு வாங்கினார். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம். எட்டே மாதத்தில் அது இருநூற்று நாற்பதைத் தொட்டது. அதற்கப்புறம் பரிசோதனைக்கூடத்தின் பின்கட்டில் டீ நேரம் என்றால் அவர் பேச்சுதான். "உலகத்துல சக்கரம் சுத்துற வரைக்கும் எண்ணெய்க்கு மவுசு குறையாது" என்பார். ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற டிரைவர், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுவாரம் தானும் கொஞ்சம் வாங்கினார்.

அக்காவும் வாங்கினாள்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபோது தம்பிக்குப் பதினாறு வயது. இரவுப் பணி, பகல் பணி என்று மாற்றி மாற்றி வாங்கி, இந்த லேப் படிப்பைப் படிக்க வைத்தது அவள்தான். யாரையும் லேசில் நம்ப மாட்டாள். காய்கறிக்காரன் தராசையே இரண்டு தரம் பார்க்கிறவள். ஆனால் தம்பி சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை எடுத்து, இருநூற்றுப் பத்துக்கு வாங்கிப் போட்டாள்.

"எனக்கு இந்தக் கோடு, படம் எதுவும் புரியாதுடா. நீ வாங்குன்னா வாங்குறேன், வில்லுன்னா விக்கிறேன். அவ்வளவுதான்."

"நீ கவலையே படாதே, நான் பார்த்துக்கிறேன்" என்றார் அவர். அப்படிச் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. காலமெல்லாம் கொடுத்த கைக்கு, இப்போது தானும் ஏதோ கொடுக்கிறோம் என்ற நினைப்பு.

அப்புறம் கம்பெனி துளைத்த மூன்று கிணறுகளில் இரண்டு வெறுங்கிணறு என்று செய்தி வந்தது. கச்சா எண்ணெய் விலையும் சேர்ந்து விழுந்தது. கம்பெனி தலைக்கு மேல் கடன் வாங்கியிருப்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இருநூற்று நாற்பது நூற்றைம்பது ஆயிற்று, நூற்றிருபது ஆயிற்று, ஒரு வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறில் வந்து நின்றது.

டீ நேரத்தில் டிரைவர் மெதுவாகக் கேட்பார். "சார், என்ன பண்ணலாம்? வித்துடலாமா?"

"வித்தாத்தான்யா நஷ்டம். விக்கிற வரைக்கும் அது வெறும் எண்ணு. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார் இவர், சிரிப்பு மாறாமல்.

ஆனால் ராத்தூக்கம் போய்விட்டது. வைத்திருந்தால் ஒருவேளை ஏறும். ஏறாவிட்டால் மகளுக்கு என்ன பதில்? விற்றுவிட்டு மறுநாள் ஏறினால் அதைவிடக் கேவலம். மனசு இரண்டு பக்கமும் இழுக்க, காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொள்ளும்போதுகூட உதடு தானாக "விக்கலாமா, வேண்டாமா" என்று முணுமுணுக்கும்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் அதிகம். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசை வாசல் வரை நின்றது. ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பஞ்சை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டார். போனை எடுத்தார். தொண்ணூற்றொன்று. யோசித்தால் கை வராது என்று அவருக்குத் தெரியும். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் விற்றார். அப்போது மணி ஒன்பது இருபது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவரை உட்காரச் சொன்னார். மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்காவின் நினைப்பே வரவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அது பொய். நினைப்பு வந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

பன்னிரண்டரைக்கு அக்காவே போன் செய்தாள்.

"தம்பி, சாப்பிட்டியா? ஒண்ணு கேக்கணும். எண்பத்தெட்டுன்னு போட்டிருக்கான். நான் என்னடா பண்ணட்டும்?"

வாய் வரை வந்தது. 'அக்கா, நான் காலையிலேயே வித்துட்டேன், நீயும் வித்துடு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அடுத்த கேள்வியை அவள் கேட்பாளே, 'ஏன்டா எனக்குச் சொல்லலை?' என்று.

"வச்சிரு அக்கா" என்றார்.

"நீ?"

"நானும் வச்சிருக்கேன்."

"சரி அப்ப. நீ வச்சிருந்தா எனக்கென்ன பயம்" என்று போனை வைத்துவிட்டாள்.

வாரம் ஒரு தரம் அவள் போன் செய்வாள். எழுபது. அறுபத்து நாலு. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வது முந்தின வாரத்தைவிடக் கஷ்டமாகிவிடும். அவளோ அவருக்கே ஆறுதல் சொல்வாள். "உனக்குத்தான்டா என்னைவிட அதிகம் போயிருக்கும். மனசை விட்டுடாதே." அந்த வார்த்தை வந்து விழும்போது அவருக்குக் காது மடல்கள் சுடும். போனை வைத்த பிறகு, எதிரில் இருப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டுவார்.

பணம் வங்கிக்கு வந்த தகவலை மனைவி பார்த்திருந்தாள். "வித்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, மிச்சமாவது தேறுச்சே. அண்ணிகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்" என்றார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். கையில் பழுப்பு உறை. மகள் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உறையை அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாடா. பொண்ணுக்கு அடுத்த வருஷ பீஸ் கட்டணும்ல. அந்தப் பாழாப்போன எண்ணெயில உன் காசெல்லாம் முங்கிடுச்சு. நான் ரெண்டு மாசமா ஒரு டாக்ஸி ஆபீஸ்ல போன் எடுக்கப் போறேன். பழகின வேலைதானே. முழுசும் இல்ல, பாதி இருக்கும்."

அறுபத்து மூன்று வயசில், ஓய்வுபெற்ற பிறகு, மறுபடியும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

மனைவி மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி திரும்பினாள். "என்ன அண்ணி சொல்றீங்க? இவர்தான் அன்னைக்கே எல்லாத்தையும் வித்துட்டாரே. பீஸுக்குப் பணம் பேங்க்லதான் இருக்கு. நீங்களும் அப்பவே வித்துட்டீங்கல்ல?"

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். மனைவிக்கு விஷயம் புரிய இரண்டு வினாடி ஆயிற்று. புரிந்ததும் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள். குரல் ஏறவே இல்லை. லைன் கிடைக்காதவர்களிடம் பேசுகிற அதே நிதானம்.

"எப்ப வித்தே?"

"அந்தத் திங்கக்கிழமை."

"மணி?"

"ஒன்பது இருபது."

"நான் போன் பண்ணது மத்தியானம்."

"ஆமாக்கா."

அவள் தலையை ஆட்டினாள். ஏதோ ஒரு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டவள்போல. பிறகு எழுந்து, அவர் மடியிலிருந்த உறையை எடுத்து மகளின் புத்தகத்துக்கு மேல் வைத்தாள். "இது உனக்கு. உங்கப்பாவுக்கு இல்ல." மனைவி "அண்ணி, இருங்க அண்ணி" என்று பின்னாலேயே ஓடினாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

அன்று வீட்டில் சண்டை நடந்திருந்தால்கூடத் தேவலை. மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "என் வாயாலயே அவங்களைக் குத்த வச்சிட்டீங்களே." மகள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் டாக்ஸி ஆபீஸைத் தேடிப் போனார். பஞ்சர் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு மின்விசிறி, மூன்று மேசை. அக்கா காதில் கருவியோடு, "வண்டி ஏழு நிமிஷத்துல வந்துரும்மா, நீங்க வாசல்லயே நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி அடுத்த அழைப்பை எடுத்தாள். நாற்பது நிமிஷம் நின்றார். இடைவேளை வந்ததும் கருவியைக் கழற்றி வைத்தாள்.

"அக்கா, வித்தியாசத்தை நான் தந்துடறேன். அன்னைக்கு வித்திருந்தா உனக்கு என்ன வந்திருக்குமோ..."

"எதுக்கு? வாங்கினவ நான். நஷ்டம் என்னோடது. அந்தப் பொய் மட்டும்தான் உன்னோடது, அதை நீயே வச்சிரு."

"இப்பவாவது வித்துடுக்கா. ஐம்பத்தெட்டுல இருக்கு. இன்னும் இறங்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையான சிரிப்புதான், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "நீ வில்லுங்கிறியா? நேத்து ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையை உக்காந்து படிச்சேன்டா. பாதிதான் புரிஞ்சுது. அதனால காலையில பாதியை வித்தேன். மிச்சம் கிடக்கட்டும். ஏறினா ஏறுது, முங்கினா முங்குது. நானே முடிவு பண்ணேன்ல, அதுல ஒரு நிம்மதி." கருவியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "கிளம்பு. உனக்காக அங்க ஊசி காத்துக்கிட்டிருக்கும்."

திரும்பி வரும்போது டிரைவர் நினைவுக்கு வந்தார். அவரையும் அல்லவா 'வச்சிரு, வச்சிரு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இனியும் தள்ளிப்போட்டால் மனுஷனே இல்லை என்று பின்கட்டுக்குப் போய், குளிர்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் தான் என்றைக்கோ விற்றுவிட்டதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

டிரைவர் துணியைக் கீழே போட்டார். முகம் சிவந்தது. கோபம் என்று இவர் நினைத்தார், இல்லை, கூச்சம்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் நூத்துப் பத்துலயே வித்துட்டேன். என் சம்சாரம் ஒத்தக்கால்ல நின்னா. உங்ககிட்ட சொன்னா மனசு நோகுமேன்னுதான் விக்கலாமா விக்கலாமான்னு சும்மா கேட்டுக்கிட்டே இருந்தேன்."

முகப்பு மேசைப் பெண்ணும் வாங்கியிருந்தாளாம், விற்றும் விட்டாளாம். அவர் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் அவரவர் வழியில் போயிருந்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே நம்பி உட்கார்ந்திருந்தது உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவளைத்தான் ஏமாற்றியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், ஆறிப்போன டீயைக் குடித்து வைத்தார்.

எண்ணெய்ப் பங்கு இப்போது அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே நொண்டிக்கொண்டிருக்கிறது. ஆறவும் இல்லை, சாகவும் இல்லை. அக்கா உறவை முறித்துக்கொள்ளவில்லை; வருகிறாள், சாப்பிடுகிறாள், அவருக்கு இருமல் என்றால் விசாரிக்கிறாள். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டிய விஷயம் என்றால் போன் மனைவிக்குத்தான் வரும்.

போன மாதம் அப்படித்தான் ஒரு அழைப்பு. அக்கா குடியிருக்கிற கீழ்வீட்டை வீட்டுக்காரர் தனக்கென்று கேட்கிறாராம், மாடிக்குப் போனால் வாடகை குறைவாம், போகலாமா வேண்டாமா என்று. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. போன வருஷம் எடுத்த ரத்த அறிக்கை, எலும்புப் படம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது.

"மாடி வேண்டாம்னு தோணுது அண்ணி, உங்க முட்டிக்கு" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள் அக்கா.

அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.