அண்ணாச்சி ஆற்றிக் கொடுத்த காபி

வலது கண்ணில் முதலில் மின்னல் மாதிரி வெட்டியது. அப்புறம் கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள். கண்ணாடியில் பவர் ஏறியிருக்கும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் காலை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை வந்து பாதிச் சப்பாத்தியை மறைத்தது. விழித்திரை கழன்றுவிட்டது என்று சொல்லி, மறுநாளே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

ஆபரேஷன் பெரிதில்லை, அதற்குப் பின்னால் வந்ததுதான் தண்டனை. ஒட்டவைத்த திரை நகராமல் இருக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால், நான் ராப்பகலாக முகம் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் தரையைப் பார்த்துத்தான். "தலையைத் தூக்கினீங்கன்னா மறுபடி கழன்றுடும். அப்புறம் அந்தக் கண்ணு வந்தா உண்டு," என்று டாக்டர் ஹிந்தியில் சொன்னதை என் கணவர் வழியெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் ஹாலையும் சமையலறையையும் பிரிப்பது ஒரு கதவில்லாத வாசல். ஹாலில் ஸ்டூல் மேல் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியைப் பதித்து உட்கார்ந்திருப்பேன். தெரிவது மொசைக் தரை. வருகிறவர்கள் போகிறவர்களின் பாதங்கள். அவ்வளவுதான் என் உலகம்.

அந்த உலகத்தில் முதலில் வந்து நின்றவை மாடிக்காரம்மாவின் பாதங்கள். திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு எல்லைப்படையில் வேலை, அசாமில் போஸ்டிங். "நான் இருக்கும்போது அண்ணாச்சி எதுக்கு ஓட்டல் சோறு திங்கணும்?" என்று சொல்லி, நான் சரி என்று சொல்வதற்குள் என் சமையலறைக்குள் போய்விட்டாள். நல்ல மனசு. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்தப் பாதங்களைப் பாருங்கள். வெடிப்பு இல்லை, வெட்டிய நகங்கள், பளபளவென்று மெட்டி. பக்கத்திலேயே என் பாதங்கள், டெல்லிக் குளிரில் வெடித்த வெடிப்பு ஹோலி முடிந்தும் ஆறாமல். நாள் முழுக்க வேறு வேலை இல்லை, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் வாசனை ஹால் வரை வந்தது. நான் தஞ்சாவூர்க்காரி, என் வீட்டில் சொதி கிடையாது. என் கணவர் முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்த மனுஷன், எதையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். நான் என்ன செய்துபோட்டாலும் தலையாட்டல்தான். அன்றைக்கு, "பஹுத் அச்சா," என்றார். இன்னொரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இன்னொன்று.

எனக்கு வயிறு எரிந்தது. அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தோன்றாமல் இல்லை. தோன்றினால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

அடுத்த நாள் சாயங்காலம் சமையலறையில் பேச்சுக் குரல். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குத் தெரியாத சிரிப்பு அது. அப்புறம் பால் பொங்கி அடங்குகிற சத்தம். அவள், "ரெண்டு ஸ்பூன் போடுங்க அண்ணாச்சி, எனக்கு இனிப்பு தூக்கலா இருக்கணும்," என்றாள்.

போடுங்களா? யார் போடுவது?

தலையைத் தூக்கினேன். கண்ணைப் பற்றிய நினைப்பே இல்லை என்று சொன்னால் பொய். நினைப்பு இருந்தது, தூக்கினேன். கட்டுப் போடாத இடது கண்ணுக்கு வாசல் நேராகத் தெரிந்தது. என் பித்தளை டபராவையும் டம்ளரையும் பிடித்துக்கொண்டு என் கணவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். நன்றாகக் கையை உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல். அவள் என் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்ததில்லை. பிரசவத்துக்குப் போய்வந்த சமயத்தில்கூட.

குனிந்துகொண்டேன். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று மொசைக்கில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கான காபி வந்தது. அவள் போட்டது, ஆறிப்போனது, உறிஞ்சிக்குழாயோடு. எனக்கு ஷுகர் என்பதால் சர்க்கரை இல்லாமல்.

வெள்ளிக்கிழமை அவள் உப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்தாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாவ? ஒங்களுக்குக் கண்ணுதான் பட்டிருக்குக்கா," என்று என்னைச் சுற்றிவிட்டு அடுப்பில் போடப் போனாள். என் கணவர் பின்னாலேயே ஓடினார். "நெடி ஏறி அவ இருமக்கூடாது. ஜல்தி, ஜல்தி," என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவைத்தார். துளி நெடி வரவில்லை. எங்கள் பக்கத்து வழக்கத்தில் மிளகாய் கமறாவிட்டால் கண் பட்டது நிஜம் என்று அர்த்தம். எக்ஸாஸ்ட் ஓடுவதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. "பாத்தியளா, எம்புட்டுக் கண்ணு," என்றாள். அந்த வீட்டில் யார் கண் யார் மேல் இருந்தது என்று எனக்கல்லவா தெரியும். அவள் மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை ஒட்டிக்கொண்டது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கேட்பதற்கு முன்பே என் கணவர், "ஏக் பார் பி நஹி, டாக்டர் சாப். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கலை," என்றார். பெருமையோடு சொன்னார். நான் காலண்டரைப் பார்த்தேன். அதன் பிறகு நிமிர்ந்து நடக்கலாம் என்றார்கள். பாதி டம்ளர் தண்ணீர் தளும்புவது போலக் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்த கோடு நாளாக நாளாகக் கீழே இறங்கி, கடைசியில் ஒரு சின்ன உருண்டையாகிக் காணாமல் போனது. மாடிக்காரம்மாவும் தன் சமையலோடு மாடியில் நின்றுகொண்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து எனக்கு முருங்கைக்காய் வாங்கி வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

சமையலறை திரும்ப என்னுடையதான காலையில் அவர் பேப்பரும் கையுமாக உட்கார்ந்தார்.

"காபி ஆச்சா?"

"இன்னைக்கு நீங்க போடுங்க."

"எனக்கு எங்க காபி போடத் தெரியும்?" பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

"தெரியும். மாடிக்காரம்மாவுக்குப் போட்டீங்க. ஆத்தி வேற குடுத்தீங்க."

பேப்பர் இறங்கியது. திருதிருவென்று முழிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். முழிக்கவில்லை.

"அதை நீ எப்படிப் பாத்த?"

நான் மொசைக் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"தலையைத் தூக்கினியா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் மோவாயைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, டாக்டர் மாதிரி கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? ஒரு காபியைப் பாக்கறதுக்கா கண்ணைப் பணயம் வெச்ச?"

"ஆமா," என்றேன்.

அவர் என் மோவாயை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். ஃபில்டர் திறக்கிற சத்தம், பால் பொங்குகிற சத்தம், டபராவிலிருந்து டம்ளருக்கு விழுகிற சத்தம். கேட்கக் கேட்க எனக்குள் எரிந்துகொண்டிருந்தது தணிந்துகொண்டு வந்தது. நுரை ததும்ப டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, எதிரிலேயே நின்றார்.

ஒரு வாய் குடித்தேன். தித்தித்தது. தாராளமாக இரண்டு ஸ்பூன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்றேன். இரண்டு கண்ணாலும் அவரையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.